ஏயுசி 0.91 வந்த மறுஅனுமதி இடர் மாதிரி: பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாமா?

மார்ச் 4, 2025, காலை (வாசகர் கேள்வி)

எங்கள் மருத்துவத் தரவு மென்பொருளில் 2020 முதல் 2024 வரையிலான உள்நோயாளிப் பதிவுகள் உள்ளன. டிஸ்சார்ஜ் ஆனபின் 30 நாள்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்படக்கூடியவர்களை முன்கூட்டியே அடையாளம் காட்டும் இடர் மதிப்பெண் மாதிரி ஒன்றை அமைக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. லாஜிஸ்டிக் ரிக்ரஷன், கிரேடியன்ட் பூஸ்டிங், நியூரல் நெட்வொர்க் ஆகிய மூன்று கணிப்பு முறைகளையும் முயன்றேன். கிரேடியன்ட் பூஸ்டிங் சோதனைத் தரவில் ஏயுசி 0.91 தந்தது (திரும்பி வருபவரையும் வராதவரையும் மாதிரி எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதன் அளவு இது; 0.5 என்றால் வெறும் தற்செயல், 1 என்றால் முழுச் சரி). இந்த மூன்றில் இதையே தேர்ந்தெடுக்கலாமா, நேரடியாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாமா?

மார்ச் 4, மாலை

கொண்டுவர வேண்டாம். மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கொண்டுவர வேண்டாம்.

30 நாள் மறுஅனுமதி என்பது கணிக்கக் கடினமான நிகழ்வு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவிலிருந்து உருவாகி 2010இல் வெளியான லேஸ் குறியீடு, தங்கிய நாள்கள், அவசர அனுமதியா என்பது, இணை நோய்கள், முந்தைய ஆறு மாதங்களில் அவசரப் பிரிவுக்கு வந்த தடவைகள் ஆகிய நான்கை மட்டும் கொண்டு 0 முதல் 19 வரை மதிப்பெண் தருகிறது. புறத் தரவில் சோதித்தபோது அதன் ஏயுசி 0.684. 2013இல் வந்த, 'ஹாஸ்பிட்டல்' என்றே பெயருள்ள மதிப்பெண் ஹீமோகுளோபினையும் சோடியத்தையும் சேர்த்துக்கொண்டும் 0.7ஐ ஒட்டித்தான் நின்றது. ஒருவர் திரும்பி வருவதை அவருடைய இரத்தப் பரிசோதனை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறாரா, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன, அவையெல்லாம் உங்கள் அட்டவணைகளில் இல்லை. எனவே 0.91 என்று பார்த்தவுடன் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. எதிர்காலத் தகவல் எங்கோ ஒரு நெடுவரிசை வழியாக உள்ளே கசிந்திருக்கிறது.

அல்காரிதத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்த மதிப்பெண் எந்த நேரத்தில் கணக்கிடப்படப் போகிறது? அனுமதியான மறுநாள் காலையிலா, டிஸ்சார்ஜ் உத்தரவு எழுதப்படும்போதா, நோயாளி வீடு சென்ற மறுநாளா? அந்த நேரத்தில் மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது மட்டுமே மாதிரிக்கும் தெரிய வேண்டும்.

மார்ச் 5, காலை

"எல்லா நெடுவரிசைகளும் டிஸ்சார்ஜ் நாளுக்கு முந்தையவையே" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நிகழ்வு எப்போது நடந்தது என்பதும் அது மென்பொருளில் எப்போது பதிவாயிற்று என்பதும் வேறு வேறு என்பதால் இந்த உறுதி போதாது.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஆய்வக அட்டவணையின் ஒரு வரிசையை எடுத்து உட்கார்ந்து பார்த்தோம். இரத்தம் எடுத்த நேரம் காலை 6.10, முடிவு வெளியான நேரம் 7.45, திருத்தப்பட்ட நேரம் பிற்பகல் 3.20. மதிப்புக்கு உரிய நெடுவரிசையில் ஒரே ஓர் எண்தான் இருந்தது, அது பிற்பகலில் திருத்தப்பட்ட எண். காலையில் மருத்துவர் பார்த்த எண் மேலெழுதப்பட்டு, தணிக்கைப் பதிவில் மட்டுமே மிஞ்சியிருந்தது. காலை 8 மணிக்குக் கணக்கிடுவதாகச் சொல்லப்பட்ட மதிப்பெண், அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு மதிப்பை வைத்துப் பழகியிருந்தது. இரத்தம் எடுத்த நேரத்தைக் கொண்டு வடிகட்டியதால் அந்த வரிசை சட்டப்படி சுத்தமாகவே தெரிந்தது!

நோய்க் குறியீடுகளின் நிலை இன்னும் மோசம். நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி குறியீடுகள் பெரும்பாலும் நோயாளி வீடு சென்றபின், குறியீட்டாளர் கோப்பைப் படித்துப் பதிப்பவை, ஆனால் பதிவாகும் தேதி அனுமதித் தேதியாக இருக்கும். டிஸ்சார்ஜ் நேரத்தில் கணக்கிடப் போகும் மாதிரிக்கு அந்த அனுமதியின் இறுதிக் குறியீடுகள் கிடைக்காது. முந்தைய அனுமதிகளின் குறியீடுகளும், வார்டிலேயே மருத்துவர் சேர்த்த நோய்ப் பட்டியலும்தான் கிடைக்கும்.

மார்ச் 5, இரவு

நீங்கள் அனுப்பிய நெடுவரிசைப் பட்டியலைப் பார்த்தேன். "கடந்த 12 மாத அனுமதி எண்ணிக்கை" எந்த நாளை வைத்துக் கணக்கிடப்பட்டது? அது நோயாளிச் சுருக்க அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அந்த அட்டவணை தினமும் இரவில் புதுப்பிக்கப்படுவதாக இருந்தால், அது தரவை எடுத்த நாளிலிருந்து பின்னோக்கிய 12 மாதம். நீங்கள் கணிக்க முயலும் மறுஅனுமதியே அந்த எண்ணிக்கைக்குள் உட்கார்ந்திருக்கும். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய தேர்வில் 91 வாங்குவது பெரிய காரியமில்லை.

மார்ச் 7

யூகம் சரியாக இருந்ததில் மகிழ்ச்சி. எண்ணிக்கையை ஒவ்வோர் அனுமதிக்கும் அதன் டிஸ்சார்ஜ் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இறுதிக் குறியீடுகளையும் நீக்கியபின் 0.72க்கு இறங்கிவிட்டது என்றும், மேலாளர் முகம் வாடிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் லேஸின் 0.684ஐக் காட்டுங்கள். முகம் தெளியாவிட்டாலும் கேள்விகள் குறையும்.

இப்போது விளைவின் வரையறைக்கு வரலாம். உங்கள் வினவலில் "30 நாளுக்குள் அடுத்த அனுமதி இருந்தால் 1, இல்லையேல் 0" என்று மட்டுமே உள்ளது. இதில் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன. கீமோதெரபிக்காக முன்கூட்டியே நாள் குறித்து வருபவர்கள் எல்லாரும் 1 ஆகிவிடுகிறார்கள். மாதிரி அவர்களை மிக எளிதாகக் கண்டுபிடித்துவிடும், ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை. வேறொரு மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தவர் உங்கள் தரவில் 0. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 10ஆம் நாள் வீட்டில் இறந்துபோனவரும் 0. மாதிரியின் கண்ணுக்கு அவர் நலமாக வீடு திரும்பி நலமாகவே இருந்தவர். மிகத் தீவிர நோயாளிகளுக்குக் குறைந்த மதிப்பெண் வருவதை நீங்கள் பிறகு பார்த்துத் திகைப்பீர்கள், காரணம் இங்கேதான் இருக்கும். லேஸ் குறியீடு "30 நாளுக்குள் மரணம் அல்லது திட்டமிடாத மறுஅனுமதி" என்று இரண்டையும் சேர்த்து வரையறுத்தது இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. இறப்புத் தகவல் உங்கள் மென்பொருளுக்கு எங்கிருந்து, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதையும் பாருங்கள்.

மார்ச் 8

மேலே சொன்னதற்கு ஒரு பின்னிணைப்பு. மறுஅனுமதியைக் கைவிட்டு "அடுத்த ஆண்டின் சிகிச்சைச் செலவு" என்பதையே விளைவாக வைத்துக்கொள்ளலாமே, அது எண்ணாகவே தயாராக இருக்கிறதே என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இதைச் செய்ததன் பலனை 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. செலவைக் கணிக்கும் மாதிரி, ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் கறுப்பின நோயாளி அதிக நோயுற்றவராக இருப்பதைத் தவறவிட்டது, ஏனென்றால் ஒரே அளவு நோய்க்கு அவர்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. இந்தச் சாய்வைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த மாதிரி செலவைத் துல்லியமாகவே கணித்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இனம் என்ற நெடுவரிசை உள்ளே தரப்படவும் இல்லை.

எளிதாகக் கிடைக்கும் எண்ணை விளைவாக வைக்க வேண்டாம். மதிப்பெண் கையில் வந்தபின் யார் என்ன செய்யப் போகிறாரோ அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

மார்ச் 10

விடுபட்ட மதிப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்துள்ளது. சராசரியால் நிரப்புகிறோம் என்று எழுதியவர்கள் சற்றுப் பொறுங்கள்.

மருத்துவத் தரவில் ஒரு பரிசோதனை செய்யப்படாதது தற்செயல் அல்ல. நோயாளியின் நிலை மோசமோ என்று மருத்துவர் ஐயம் கொண்டால்தான் லாக்டேட் என்ற இரத்தப் பரிசோதனையை எழுதுவார், எழுதாமல் விட்டதே ஒரு தகவல். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று, 174 வகை ஆய்வகப் பரிசோதனைகளில் 118இல், பரிசோதனை எப்போது, எவ்வளவு அடிக்கடி எழுதப்பட்டது என்பது, அதன் முடிவைக் காட்டிலும் மூன்றாண்டு உயிர்வாழ்வை நன்றாகச் சொன்னது என்று கண்டது. நள்ளிரவில் எடுக்கப்பட்ட இரத்தத்தின் முடிவு இயல்பாக வந்தாலும், நள்ளிரவில் எடுக்க வேண்டியிருந்தது என்பதே செய்தி.

ஆகவே "பரிசோதனை செய்யப்பட்டதா" என்பதற்குத் தனி நெடுவரிசை வையுங்கள் என்பதுதான் பொதுவாகத் தரப்படும் அறிவுரை. நானும் அதையே சொல்லிவந்தேன், இப்போது ஒரு நிபந்தனை சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த நெடுவரிசை நோயாளியின் உடல்நிலையைவிட வார்டின் பழக்கத்தை அளக்கிறது. அனுமதியாகும் எல்லாருக்கும் ஒரு தொகுப்புப் பரிசோதனை என்று நாளை உத்தரவுப் படிவத்தை மாற்றினால், ஒரே இரவில் எல்லா நோயாளிகளின் மதிப்பெண்ணும் நகர்ந்துவிடும், நோயாளிகள் யாரும் மாறியிருக்கமாட்டார்கள். ஒரே மருத்துவமனைக்குள் பயன்படுத்தி, உத்தரவுப் படிவ மாற்றங்களை உங்களுக்குத் தெரிவிக்க ஆளும் இருந்தால் வையுங்கள். பல மருத்துவமனைகளுக்கு அனுப்பப் போகும் மாதிரியில் நான் வைக்கமாட்டேன்.

அலகுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஒரு வரிசையில் 1.2, அடுத்த வரிசையில் 106, அலகு நெடுவரிசை இரண்டிலும் காலி. ஒன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம், மற்றது லிட்டருக்கு மைக்ரோமோல். 88.4ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே. கிரேடியன்ட் பூஸ்டிங் இதைப் பார்த்து முறையிடாது. 106 என்பதை மிகக் கடுமையான சிறுநீரகச் செயலிழப்பாகவோ, அந்த எண்ணை அனுப்பும் ஆய்வகத்தின் அடையாளமாகவோ எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். ஒவ்வொரு பரிசோதனைக்கும், அதை அனுப்பும் ஆய்வகவாரியாகப் பிரித்து, மதிப்புகளின் பரவலை வரைந்து பாருங்கள். இரண்டு மேடுகள் தெரிந்தால் அலகுச் சிக்கல் இருக்கிறது.

மார்ச் 11

"சார்ல்சன் குறியீடு இருக்கும்போது புதிதாக ஏன்?" என்று கேட்ட மருத்துவருக்கு: 1987இல் நியூயார்க்கின் ஒரு மருத்துவமனையில் 559 நோயாளிகளைக் கொண்டு, ஓராண்டு மரணத்தைக் கணிக்க, இணை நோய்களுக்கு எடை தந்து கூட்டும் குறியீடாக உருவாக்கப்பட்டது அது. அதில் எய்ட்ஸுக்கு, பரவிய புற்றுநோய்க்கு நிகராக 6 எடை. அன்று அது நியாயமே. 2011இல் எடைகளை மறுமதிப்பீடு செய்தவர்கள் அதை 4 ஆக்கினார்கள், மாரடைப்பு உட்படச் சில நோய்களின் எடை பூஜ்யமானது. உங்கள் மென்பொருளில் சார்ல்சன் தயார்நிலை நெடுவரிசையாக வந்தால், உள்ளே எந்த எடைகள் ஓடுகின்றன என்று விற்பனையாளரைக் கேளுங்கள். உள்ளீடுகளில் ஒன்றாக அதை வைத்துக்கொள்ள எனக்கு மறுப்பில்லை.

மார்ச் 13

கேள்வி எழுப்பியவர் இப்போது வரம்பைப் பற்றிக் கேட்கிறார்: எந்த மதிப்பெண்ணுக்கு மேல் "அதிக இடர்"?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 டிஸ்சார்ஜ்களில் 100 பேர் திரும்பி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரம்பில் உங்கள் மாதிரி அந்த 100 பேரில் 60 பேரைப் பிடிக்கிறது, திரும்பி வராத 900 பேரில் 20 சதவீதத்தினரை, அதாவது 180 பேரை, தவறாகச் சுட்டுகிறது. பட்டியலில் 240 பேர். அவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் செவிலியருக்கு நான்கு அழைப்புகளில் ஒன்று பொருத்தமான அழைப்பு. அவரால் 80 பேரை மட்டுமே அழைக்க முடியும் என்றால் 240 பேர் கொண்ட பட்டியலைத் தருவதில் பொருளே இல்லை. அவர் மேலிருந்து அழைக்கத் தொடங்கி, நேரம் முடியும்போது நிறுத்துவார், உங்கள் வரம்பை அவரே மாற்றிவிடுவார். எனவே ஏயுசியை மேலும் 0.01 உயர்த்த உழைப்பதைவிட, அழைக்கக்கூடிய அந்த 80 பேருக்குள் எத்தனை பேர் உண்மையில் திரும்பி வந்தார்கள் என்பதை அளந்து மேலாளரிடம் காட்டுங்கள். அவருக்குப் புரியும் எண் அதுதான்.

உள்நோயாளிகளின் நிலை மோசமாவதை எச்சரிக்கும் மாதிரிகளில் இந்தச் சுமை இன்னும் கடுமை. மருத்துவப் பதிவு மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனத்தின், செப்சிஸை (தொற்றால் உயிருக்கு ஆபத்தாகும் நிலை) எச்சரிக்கும் மாதிரியை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் தரவில் வெளியார் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவுகளின்படி ஏயுசி 0.63 மட்டுமே. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டது, அதே வேளையில் மொத்த அனுமதிகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை எழுப்பியது. வெளியிடத்தில் பழகிய மாதிரியை வாங்கிப் பொருத்துவோர், தம் சொந்தத் தரவில் சோதிக்காமல் திரையில் சிவப்பு நிறம் காட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 14

அல்காரிதம் பற்றி ஒருவழியாக இப்போது பேசலாம். 0.72 தந்த கிரேடியன்ட் பூஸ்டிங்குக்கும் 0.71 தந்த லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கும் இடையே நான் பின்னதை எடுப்பேன், காரணம் பராமரிப்பு மட்டுமே. ஆனால் நீங்கள் பயிற்சித் தரவில் 1களையும் 0களையும் சமமாக்கியதாக எழுதியுள்ளீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பத்தில் ஒருவருக்கு நிகழ்வதை இருவரில் ஒருவருக்கு நிகழ்வதாகக் காட்டிப் பழக்கினால், மாதிரி சொல்லும் நிகழ்தகவுகள் அனைத்தும் ஊதிப்போகும். யாருக்கு இடர் அதிகம், யாருக்குக் குறைவு என்ற வரிசை கெடாததால் ஏயுசி இதைக் காட்டிக்கொடுக்காது. 45 சதவீதம் என்று திரையில் பார்த்து மருத்துவர் ஒரு முதியவரை இன்னும் இரண்டு நாள் வார்டில் வைத்திருப்பார், உண்மை இடரோ 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

சமமாக்காமல் பழக்குங்கள். பிறகு நோயாளிகளை மதிப்பெண் வரிசையில் பத்துக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் கணித்த சராசரியையும் உண்மையில் நடந்ததையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இந்தச் சோதனையை வயதுவாரியாகவும், பாலினவாரியாகவும், வார்டுவாரியாகவும் திரும்பச் செய்யுங்கள்.

சோதனைத் தரவைத் தற்செயல் முறையில் பிரித்திருப்பதையும் மாற்றுங்கள். ஒரே நோயாளியின் ஓர் அனுமதி பயிற்சியிலும் அடுத்த அனுமதி சோதனையிலும் வந்துவிடுகிறது. 2023 வரை பழக்கி 2024இல் சோதித்தால்தான், நாளை நடக்கப்போவதற்கு ஒத்திகை பார்த்ததாகும். 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் திட்டமிட்ட அனுமதிகள் பல இடங்களில் நிறுத்தப்பட்டதால், அந்த ஆண்டைச் சேர்த்தும் விட்டும் இருமுறை பழக்கிப் பாருங்கள்.

மார்ச் 17

"எந்தக் காரணி இடரைக் குறைக்கிறது என்பதை மாதிரியே காட்டுகிறதே, அதைக் கொண்டு சிகிச்சையைத் திட்டமிடலாமா?" என்பது புதிய கேள்வி. கூடாது. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் தரவில் பழகிய மாதிரி ஒன்று, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இறப்பு இடர் குறைவு என்று கற்றுக்கொண்டது. தரவில் அது உண்மை. ஆஸ்துமாவும் நிமோனியாவும் சேர்ந்து வந்தவர்களை மருத்துவர்கள் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். அந்த மாதிரியை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இதே சிக்கல் ஓராண்டுக்குப் பின் உங்கள் வாசலுக்கும் வரும். செவிலியரின் அழைப்புகள் பலன் தந்தால், அதிக மதிப்பெண் பெற்றவர்கள் திரும்பி வரமாட்டார்கள், மாதிரி தவறாகக் கணித்ததாகப் புள்ளிவிவரம் சொல்லும். அந்தத் தரவிலேயே மறுபடியும் பழக்கினால் அவர்களைக் குறைந்த இடர் என்று கற்றுக்கொள்ளும். யாருக்கு அழைப்பு சென்றது, எப்போது சென்றது, பேச முடிந்ததா என்பதை இன்றைக்கே ஒரு தனி அட்டவணையில் பதியத் தொடங்குங்கள், பின்னால் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

மார்ச் 19

மென்பொருளில் எப்படிச் சேமிப்பது என்று கேட்டதற்கு: நோயாளி அட்டவணையில் "இடர்" என்று ஒரு நெடுவரிசை வைத்து அதையே மேலெழுத வேண்டாம். ஒவ்வொரு கணக்கீடும் தனி வரிசையாக இருக்கட்டும், அதில் கணக்கிட்ட நேரம், மாதிரியின் பதிப்பு, நிகழ்தகவு, அந்த நேரத்தில் உள்ளே சென்ற மதிப்புகள் அனைத்தும் இருக்கட்டும். மருத்துவத் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான எஃப்எச்ஐஆர் தரநிலையில் இடர் மதிப்பீட்டுக்கென்றே ஒரு வளம் (தரவு வடிவம்) உள்ளது. எந்த முறையில் கணக்கிடப்பட்டது, எந்தத் தரவின் அடிப்படையில், எந்த விளைவுக்கு, எந்தக் காலத்துக்கு, எவ்வளவு நிகழ்தகவு என்பவற்றுக்கு அதில் இடம் உண்டு. பிற அமைப்புகளுக்கு அனுப்ப அந்த வடிவம் போதும், உள்ளீடுகளின் முழுப் பிரதியை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பு எண்ணை உள்ளீடுகளுக்கும் கொடுங்கள். சிறுநீரக வடிகட்டும் வேகத்துக்கான சூத்திரம் 2021இல் இனக் காரணியை நீக்கி மாற்றப்பட்டது. அதை ஆய்வகம் ஏற்ற நாளில் அந்த நெடுவரிசையின் மதிப்புகள் நகர்ந்திருக்கும், நெடுவரிசையின் பெயர் அப்படியேதான் இருந்திருக்கும்.

திரையில் யாருக்கும் காட்டாமல் சில வாரங்கள் பின்னணியில் ஓடவிடுங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் நேரடியாகக் கணக்கிட்ட மதிப்பெண்ணையும், அதே நோயாளிக்கு ஒரு மாதம் கழித்து, பதிவுகள் பின்னர் வந்து சேரும் தரவுக் கிடங்கிலிருந்து கணக்கிட்ட மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடும் ஒவ்வொரு நோயாளியிடமும் தாமதமாக வந்த ஒரு நெடுவரிசை இருக்கும். முதல் பத்துப் பேரை எடுத்து, உள்ளே சென்ற மதிப்புகளை வரிசை வரிசையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.